கூடப்பிறந்தவன் சாட்சி

அமாவாசை அன்று காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காது. மாதம் முழுக்கத் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிற நெசவாளிக்கு அன்று ஒருநாள்தான் முதுகு நிமிரும். தலை முழுகி, செத்துப்போன தாய் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, வாழைக்காய் வறுவலோடு சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்ப்பார்கள். தணிகாசலம் வீட்டில் மட்டும் கொஞ்ச காலமாக அமாவாசைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலமானால் மாடியில் ஷீட் போட்ட அறையில் ஜெபக் கூட்டம். நடத்துகிறவன் அவருடைய சொந்தத் தம்பி மாணிக்கவாசகம்.

அமாவாசைக்கு அமாவாசை ஏசுவைக் கும்பிடுகிற கூட்டம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லோரும் தறிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடினால் சேலை நெய்யக் கொடுத்த முதலாளி கேள்வி கேட்பார். அதனால் அவரவர் வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, அந்தக் கையோடு வந்து மாடியில் உட்கார்ந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். தணிகாசலம் அந்தச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே கீழே தனியாக உட்கார்ந்திருப்பார். தகப்பனுக்கு எள்ளுத் தண்ணி விட்டது அவர் ஒருத்தர்தான். தம்பி அதை நிறுத்திவிட்டான். அதற்காக ஊர் அவனை வைததா என்றால் அதுவும் இல்லை. முன்னைவிடப் பிரியமாகத்தான் பேசியது.

தணிகாசலத்துக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. சின்ன வயசிலேயே ஆரம்பித்தது. மாணிக்கம் சிவப்பாகப் பிறந்தான், இவர் கறுப்பு. மாணிக்கம் வாயைத் திறந்தால் தெரு நின்று கேட்கும், இவர் பேசினால் பெற்ற பெண்ணே போனைத்தான் பார்க்கும். தகப்பன் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சின்னவனைத்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கொரோனாவில் மாணிக்கத்தின் மனைவி சங்கரி போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவன் குடித்தான், தெருவில் விழுந்து கிடந்தான், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒருவர் கொடுத்த பைபிளைப் படித்தான், எழுந்தான். குடித்தபோது ஊரே 'பாவம்' என்றது. எழுந்தபோது ஊரே 'ஆஹா' என்றது. ஒரு நாளும் குடிக்காமல், ஒரு நாளும் விழாமல் இருந்த தணிகாசலத்தை யார் என்ன சொன்னார்கள்? துக்கத்தில்கூட அவனுக்குத்தான் முதல் பந்தி.

அவனை வீட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறபோதே கரையும் உடம்பும் இழைக்கு இழை கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒருவர் உட்கார்ந்து ஊடை நூலைக் கொண்டுபோகிற உடம்பு நாடாவை விட, இன்னொருவர் ஒட்டி உட்கார்ந்து கரை நாடாவை எறிய வேண்டும். ஒரே பலகையில், தொடையோடு தொடை இடிக்க, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும். மாணிக்கத்தைப் போலக் கரை போட காஞ்சிபுரத்தில் ஆள் கிடைக்காது என்று தணிகாசலத்துக்கே தெரியும். அது தெரிந்திருப்பதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூல் ஈரம் குடித்துக் கனத்தது, இழை இழையோடு ஒட்டியது. தறி மெதுவாகத்தான் ஓடியது. மெதுவாக ஓடுகிற தறியில் பேச்சு ஜாஸ்தியாகும். தணிகாசலம் டீக்கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்கப் பழகியிருந்தார். யாரோ ஒருவர் கண்ணாடியும் ஜிப்பாவுமாக உட்கார்ந்து, ஏசு செத்து எழுந்ததெல்லாம் கட்டுக்கதை என்று பிய்த்து உதறுவார். தணிகாசலம் ஒவ்வொன்றாகக் கேட்டு மனசில் வைத்துக்கொண்டு வந்து தறியில் இறக்குவார்.

"டேய் மாணிக்கம், அவரு செத்தே இருக்க மாட்டாருடா. மயக்கம் போட்டிருப்பாரு. குகைக்குள்ள சில்லுன்னு இருந்திருக்கும், முழிச்சிக்கினு எழுந்து வந்துட்டாரு."

மாணிக்கம் நாடாவை எறிந்துகொண்டே சிரித்தான்.

"சரிண்ணா, அப்படியே வச்சிக்க. முதுகு கிழியச் சாட்டையடி. கையில காலுல ஆணி. வெலாவுல ஈட்டி. அதோட ஒருத்தன் தவழ்ந்து வந்து உன் கதவைத் தட்டுறான். நீ இன்னா பண்ணுவே? 'ஐயய்யோ, ஆட்டோ கூப்புடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு'ன்னுவியா, இல்ல 'சாவையே ஜெயிச்சிட்டாரு'ன்னு கால்ல விழுவியா?"

ராட்டையில் நாடாவுக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த அம்சவேணி சிரித்துவிட்டாள். தணிகாசலம் மனைவியை முறைத்தார். அவர் சொன்ன எதற்காவது அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

மறுநாள் வேறொன்றைக் கொண்டுவந்தார்.

"பொணத்தைக் கூட இருந்தவனுங்களே திருடிக்கினு போயிருப்பானுங்க. அப்புறம் எழுந்துட்டாருன்னு கெளப்பி விட்டுட்டானுங்க."

"எதிராளிங்களும் அப்பவே அதைத்தாண்ணா சொன்னாங்க. அதுலயே கல்லறை காலியா இருந்துதுன்னு அவங்களும் ஒத்துக்கினாங்கன்னு ஆவுதா இல்லையா? பொணம் உள்ள இருந்தா எடுத்துக் காட்டிட்டு வேலையைப் பாத்திருப்பாங்க. சரி, திருடினாங்கன்னே வெய்யி. அப்புறம் அதுக்காக அடி வாங்கினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க, செத்தாங்க. நம்பிக்கைக்காக உயிரைக் குடுத்தவன் எல்லா மதத்துலயும் இருக்கறான். தானே திருடி வெச்ச பொணத்துக்காக எவண்ணா உயிரைக் குடுப்பான்?"

"அப்படிக் கேளு" என்றாள் அம்சவேணி ராட்டையிலிருந்து.

"நீ தாரைச் சுத்து" என்றார் தணிகாசலம்.

"அண்ணி, மொதமொதல்ல பாத்ததே பொம்பளைங்கதான். அந்த ஊரு வழக்கத்துல பொம்பளை சாட்சி செல்லாது. கதை கட்டுறவனா இருந்தா ஊர்ப் பெரிய மனுசன் ஒருத்தன் பாத்தான்னு எழுதியிருப்பான் இல்ல? பொம்பளைங்க பாத்தாங்கன்னு எழுதி எவனாவது தன் கதையைத் தானே கெடுத்துக்குவானா?"

"இங்க மட்டும் இன்னா, பொம்பளை சொல்லு ஏறிக்கினே போவுதா?" என்று அம்சவேணி கணவரைப் பார்த்துச் சொன்னாள். தணிகாசலம் மிதியை ஓங்கி மிதித்தார், ஒரு இழை அறுந்தது. அதை முடிச்சுப் போடக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுவிட்டு மறுபடி குழியில் இறங்கியதும் அவர் கையிலிருந்ததில் பெரிய கல்லை எடுத்தார். அதை எறிந்தால் வலிக்கும் என்று தெரிந்தேதான் எறிந்தார்.

"சங்கரி செத்த புதுசுல அவ வாசல்ல வந்து நிக்கிறா மாதிரி இருக்குதுன்னு நீயே சொல்லலை? அது மாதிரிதாண்டா அவனுங்களுக்கும். துக்கத்துல கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்."

மாணிக்கத்தின் கை நின்றது. அவன் நிறுத்தினால் தறியும் நிற்கத்தான் வேண்டும். 

"தெரிஞ்சாண்ணா" என்றான். "நெறைய நாளு தெரிஞ்சா. பச்சைப் பொடவை கட்டிக்கினு நிப்பா. ஆனா அவளைப் பாத்துட்டு நான் அழுதேன். எழுந்து வந்துட்டான்னு தெருவுல போய்ச் சொல்லலை. செத்தவங்க அப்படித் தெரிஞ்சா, செத்துட்டாங்களேன்னுதான் மனசு அடிச்சிக்கும். அதுவும் இல்லாம, எனக்குத் தெரிஞ்சவ உனக்குத் தெரியலை, அண்ணிக்குத் தெரியலை. அங்க அவரைக் கூட்டமா உக்காந்து பாத்தாங்க, சேந்து சாப்ட்டாங்க. அவரு எழுந்தது நெசம்னாதான் சங்கரியும் ஒரு நாளு எழுவா, இல்லன்னா அவ போனது போனதுதான். அதுக்காகத்தாண்ணா நான் இத்தினி பாடு பட்டுத் தேடினேன். எனக்கு ஆறுதல் வேணாம், நடந்துதா இல்லையான்னு தெரியணும்."

 தணிகாசலத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் மாணிக்கம் விடவில்லை. அவனுக்குப் பேச்சு வந்துவிட்டால் நிற்காது.

"மத்ததெல்லாம் வுடு. யாக்கோபை எடுத்துக்க. ஏசுவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஒரே வூட்ல வளந்தவன். ஊரே அவரு பின்னால போச்சு, இவன் மட்டும் போவலை. நம்பலை. வூட்டுக்காரங்க எல்லாம் சேந்துக்கினு, அவருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லி இட்டாரக்கூடப் போனாங்க. சிலுவையில தொங்கும்போதுகூட இவன் பக்கத்துல இல்லை. அப்பேர்ப்பட்டவன் பின்னால இன்னா ஆனான்? எருசலேம்ல அந்தச் சபைக்கே தலைவன். அதுக்காகவே கல்லால அடிபட்டுச் செத்தான். கல்லால அடிபட்டதைக் கிறிஸ்தவனே இல்லாத ஒரு யூதன் சரித்திரமா எழுதி வெச்சிருக்கான். நீயே சொல்லுண்ணா. தோளோட தோள் உரசி வளந்தவனை சாமின்னு கூடப்பிறந்தவன் ஒருத்தன் சொல்லணும்னா, நடுவுல இன்னா நடந்திருக்கணும்?"

தணிகாசலத்திடம் இதற்கு வீடியோ இல்லை. வீடியோவில் பேசுகிறவருக்குத் தம்பி இருந்தானோ இல்லையோ. கல்லறையையும் ஈட்டியையும் பற்றித் தணிகாசலத்துக்கு என்ன தெரியும்? ஆனால் இது அவருக்குத் தெரியும். இந்தத் தெருவிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. மாணிக்கத்தை அவர் சாமி என்று சொல்ல வேண்டாம், நல்லவன் என்று நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும்? வானம் இடிந்து விழுந்தாலும் நடக்காது என்று தோன்றியது. தம்பி தன்னுடைய வயிற்றெரிச்சலையே எடுத்துத் தனக்கு எதிராக வைத்துவிட்டான் என்று அவருக்குக் கோபம் வந்தது.

"தம்பி அண்ணனை ஒசத்திச் சொல்லிட்டா அது ஒரு பெரிய விசயமா? அண்ணன்காரன் தம்பியைச் சொல்லணும், அப்பத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, "நாடாவைப் போடு" என்றார்.

இதற்கு நடுவில் மகள் இளவரசிக்கு வரன் முடிகிற நிலைக்கு வந்திருந்தது. பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிற பெண். மாப்பிள்ளை விக்னேஷ் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. ஊர் தாமல், ஏரிக்குக் கீழே நிலம், தகப்பன் ஆதிகேசவனுக்கு உரக்கடை. பெண்ணும் பையனும் போனில் பேசிப் பேசி, வீட்டில் பேச வேண்டியது ஒன்றும் மிச்சமில்லாத அளவுக்கு வந்துவிட்டார்கள். தையில் பூ வைத்து நிச்சயம் பண்ணலாம் என்று நாள் சொல்ல ஆதிகேசவன் ஒருநாள் முற்பகலில் தானே வந்தார். மாணிக்கம் நெய்து முடித்த சேலையைக் கடையில் கொடுக்கப் போயிருந்தான்.

அம்சவேணி காப்பி கொடுத்துவிட்டு பஜ்ஜி போட உள்ளே போனாள். ஆதிகேசவன் பெரிய உடம்பு, பெரிய குரல், கள்ளமில்லாத மனிதர்.

"உங்க தம்பியைப் போன வாரம் பஸ்ல பாத்தேன் மொதலியாரே. வேதத்துக்குப் போயிட்டாருன்னு எங்க வூட்டுப் பொம்பளைங்க மொதல்ல மூக்கைச் சுளிச்சாங்க. எங்க சின்ன அத்தை குடும்பமே அதுலதான் இருக்குது, அது ஒரு குத்தமான்னு நான் கேட்டுட்டேன். ஆனா இன்னா மனுசன்! அவரு பேசினா கேட்டுக்கினே இருக்கலாம். தாமல் வந்ததுகூடத் தெரியாம அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் போயிட்டேன்னா பாத்துக்கங்க."

தணிகாசலம் ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"இனிமே சீர் செனத்தி, மண்டபம், எதுவா இருந்தாலும் அவர்கிட்டயே பேசிக்கிறேன். உங்களுக்கு எதுக்கு வீண் தொந்தரவு?"

தணிகாசலத்துக்கு உள்ளே குப்பென்று பற்றிக்கொண்டது. என் வீடு, என் பெண், என் வீட்டுக் காப்பி, பேசுவது அவனிடமா? நாக்கு அவரைக் கேட்காமலேயே புரண்டது.

"அவன் பேச்சை நம்பி எதையும் முடிவு பண்ணிடாதீங்க" என்று குரலைத் தணித்தார். "வெளிய தெரிய வுடறதில்லை. சம்சாரம் போனதுலேருந்து அவனுக்கு இங்க கொஞ்சம்..." என்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "மாத்திரையில ஓடிக்கினு இருக்குது."

ஆதிகேசவன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படியா! பேசினா தெரியவே இல்லியே."

"பேசினா தெரியாது. அதான் இந்த வியாதியே."

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது..."

அந்த இடத்தில் தணிகாசலம் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எதற்காக இப்படிக் கேட்பார்கள் என்று ஒரு பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியாதா? ஆனால் பொறாமைக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. மனிதர் தன் பேச்சைக் கவனித்துக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் வேறு.

"எங்க சித்தப்பா ஒருத்தரு இருந்தாரு. இப்படித்தான், சாமி சாமின்னு வூடு தங்காம சுத்துவாரு" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். உண்மையில் அந்தச் சித்தப்பா கிருத்திகைக்குக் கிருத்திகை திருத்தணிக்கு நடந்துபோகிற மனிதர், அவ்வளவுதான்.

ஆதிகேசவன் வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. மழை விட்டிருக்கும்போதே கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டார். பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்த அம்சவேணி காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"இன்னாங்க, அதுக்குள்ள போயிட்டாரு?"

"அவசர வேலையாம்" என்றார் தணிகாசலம்.

நட்சத்திரம் சரியாக அமையவில்லை, மன்னிக்க வேண்டும் என்று தரகரிடமிருந்து போன் வந்தது. முன்பு பத்துப் பொருத்தமும் அமைந்திருக்கிறது என்று சொன்னதும் அதே தரகர்தான். தணிகாசலத்துக்கு அப்போதும் உறைக்கவில்லை. அவர் ஜோசியக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் இளவரசி வேலையிலிருந்து வந்து, நனைந்த குடையைக்கூட மடக்காமல் தறிக்கு எதிரே நின்றாள். அண்ணனும் தம்பியும் குழியில் இருந்தார்கள்.

"அவருகிட்ட பேசினேன்பா. நட்சத்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'உங்க சித்தப்பாவுக்குப் பைத்தியமாமே, குடும்பத்துலயே இருக்குதாமே, உங்கப்பாவே சொன்னாராமே'ன்னு கேக்கறாரு. நாளைக்கு எனக்கு, என் புள்ளைக்கு வரும்னு அவங்கம்மா அழுவறாங்களாம். மதம் மாறினதைக்கூட அவங்க பெருசா எடுத்துக்கலை. நீ சொன்னதாலதான் எல்லாம் போச்சு. எதுக்குப்பா அப்படிச் சொன்னே?"

அம்சவேணி ராட்டையை நிறுத்தினாள். எல்லாம் அவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. முப்பது வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணுகிறவள்.

"அன்னிக்கு வந்தவரு இவனைப் புகழ்ந்திருப்பாரு" என்றாள். "அதானே? பொறுக்கலை. பெத்த பொண்ணு வாழ்க்கைன்னு பாக்கலை. சீ!"

தணிகாசலத்தின் தொடையை ஒட்டித் தம்பியின் தொடை இருந்தது. நகர்ந்து உட்காரப் பலகையில் இடமில்லை. மாணிக்கம் தன்னைத் திட்டுவான், இல்லை எழுந்துபோவான் என்று எதிர்பார்த்தார். அவன் கையிலிருந்த நாடாவைப் பாவின் மேல் மெதுவாக வைத்தான்.

"வாண்ணா. காலையில தாமலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றான். "என்னை நேர்ல பாத்தா தெரிஞ்சிப் போவுது."

கோபப்பட்டிருந்தாலாவது தேவலையே என்று இருந்தது அவருக்கு.

தாமல் ஏரி அந்த வருஷம் ததும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்றில் சேறும் நாற்றுமாக வாசனை. உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தார். யூரியா வாங்க வந்த நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சகோதரர்கள் இருவரையும் பார்த்து அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஸ்டூல் போடச் சொன்னார். உட்கார்ந்ததும் மாணிக்கம்தான் ஆரம்பித்தான், வழக்கம் போல.

"எங்க அண்ணன் மேல தப்பு இல்லீங்க. சங்கரி போன புதுசுல நான் குடிச்சிட்டுக் கண்டமேனிக்கு உளறிக்கினு இருந்தேன். அதைப் பாத்துப் பயந்தவரு. அந்தப் பயத்துல சொல்லிட்டாரு. என் மேல இருக்கற பாசம், வேற ஒண்ணும் இல்ல. மாத்திரை பிரஷருக்குச் சாப்புடறது."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் மாணிக்கத்தையே பார்த்தார்கள். எவ்வளவு பதவிசு, எவ்வளவு அடக்கம்! ஆதிகேசவனின் கண்ணில்கூட ஈரம் தட்டியது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான் பேசறீங்க. அன்னிக்கும் நல்லாத்தான் பேசினீங்க. ஆனா பொண்ணு வூட்டுக்காரங்க, கல்யாணம் நடக்கணும்னா எதை வேணாலும் மாத்திச் சொல்லலாம் இல்லீங்களா? மனசுல உழுந்துடுச்சி, நான் இன்னா பண்ணட்டும்?"

தணிகாசலம் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தன்னைக் கெடுத்தவனைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிற முகம். ஒரு கறை இல்லை. நல்லவன் என்ற பேர் ஏற்கெனவே அவனுக்கு. இப்போது, பைத்தியம் என்று சொன்ன அண்ணனையே தாங்கிப் பிடித்தவன் என்ற பேரும் அவனுக்கேவா? இந்தக் கல்யாணம் நடந்தால் மாணிக்கத்தால் நடந்தது, நின்றால் தணிகாசலத்தால் நின்றது என்றாகுமா? அதை அவரால் தாங்க முடியவில்லை. பெண்ணுக்காகப் பேசினாரா, பொறாமையால் பேசினாரா என்றால் இரண்டும்தான்.

"பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று எழுந்து நின்றார். "இவன் சொல்றது பொய். எனக்குப் பொறாமை."

யூரியா வாங்க வந்தவர்கள் இவர் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணா, உக்காரு" என்று மாணிக்கம் கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

"மாத்திரைன்னு நான் சொன்னது பொய். எங்க சித்தப்பா திருத்தணிக்கு நடந்து போற பக்தர், அவருக்கும் ஒண்ணும் இல்ல. இவனுக்கு என்னைவிடத் தெளிவான புத்தி. என் வூட்ல உக்காந்து, என் பொண்டாட்டி குடுத்த காப்பியைக் குடிச்சிக்கினே, என் பொண்ணு கல்யாணத்தை இவன்கிட்ட பேசறேன்னு சொன்னீங்க. வயிறு எரிஞ்சிது, சொல்லிட்டேன். எங்கப்பா படுக்கையில கெடந்தப்ப மூத்திரச் சட்டி எடுத்தவன் நான். சாவற நேரத்துல அவரு கேட்டது, மாணிக்கம் வந்துட்டானான்னு. அன்னிலேருந்து எரியுது. இப்ப என்னைக் காப்பாத்தறேன்னு இவன் பேசறான் பாருங்க, அதுக்கும் எரியுது. போதுமா? பொண்ணைக் கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம்."

 யூரியா வாங்க வந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆதிகேசவன் வெகுநேரம் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மாணிக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"உக்காருங்க மொதலியாரே" என்றார் கடைசியில். "கல்யாணம் நடக்கணும்னு ஆயிரம் பொய் சொல்லுவாங்க. எல்லாம் தன்னை ஒசத்திச் சொல்ற பொய்யா இருக்கும். நாலு பேரு முன்னால தன் மூஞ்சியில தானே சாணியைக் கரைச்சி ஊத்திக்கினு எவனும் பொய் சொல்ல மாட்டான். நான் நம்பறேன். தையில பூ வெச்சிக்கலாம்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இனிமே எதுவா இருந்தாலும் உங்ககிட்டதான் பேசுவேன். அன்னிக்கு அப்படிச் சொன்னது என் தப்புத்தான்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த விதத்தை நினைத்தால் தணிகாசலத்துக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தார் ஆதிகேசவன். 

இருவரும் ஏரிக்கரை ஓரமாக நடந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. இளவரசி அழுதாள், அம்சவேணி 'சரி, வந்து சாப்புடுங்க' என்றாள்.  மாணிக்கம் பேசாமல் வருவது தணிகாசலத்துக்குப் புதிதாக இருந்தது. நிரம்பிய ஏரியின் கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்து சத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டா" என்றார்.

"இன்னாண்ணா?"

"அந்த யாக்கோபு இருக்கானே. எழுந்து வந்த அண்ணன்காரரு அவனைப் பாத்தாரே, அப்ப ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினாங்க?"

"அது எழுதலைண்ணா."

"எழுதலையா?"

"அவனுக்கும் தெரிஞ்சாருன்னு ஒரு வரி இருக்குது. அவ்ளோதான். எங்க பாத்தாங்க, இன்னா சொன்னாங்க, ஒண்ணும் கெடையாது. நானும் எவ்ளோ தேடியிருக்கேன்."

தணிகாசலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"அப்ப அவன் பொய் சொல்லலைடா."

"எப்படிண்ணா சொல்றே?"

"கதை கட்டுறவனா இருந்தா இந்த எடத்தை வுட்டிருப்பானா? அண்ணனும் தம்பியும் கட்டிப் புடிச்சிக்கினு அழுதாங்க, இவன் கால்ல உழுந்தான், அவரு தலையைத் தடவிக் குடுத்தாருன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பான். ஒரே வரியோட நிக்குதுன்னா, நடந்ததை அவன் யார்கிட்டயும் சொல்லலைன்னு அர்த்தம். பாத்தேன்னு மட்டும் சொல்லியிருப்பான். மீதியைச் சொல்ல வாய் வந்திருக்காது. அத்தினி வருசம் வயித்துல வெச்சிக்கினு இருந்ததை வெச்சிக்கினு, நேருக்கு நேரா நிக்கறது இன்னா சாமானியமா? எனக்குத் தெரியும்டா."

மாணிக்கம் நின்றுவிட்டான். அண்ணனை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. 

"அண்ணா, இத்தினி நாளு எத்தினி பேரு பேசினதைக் கேட்டிருக்கேன். இதை ஒருத்தரும் சொன்னதில்லை." அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ நம்பறியாண்ணா?"

"நம்பறதைப் பத்தி இப்ப யாரு பேசினாங்க? அவன் பொய் சொல்லலைன்னு சொன்னேன். அவ்ளோதான்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. மாணிக்கம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டே, கொஞ்சம் தயங்கி, சின்னப் பையன் மிட்டாய் கேட்பது போலக் கேட்டான்.

"வர்ற அமாவாசைக்கு மாடியில இதைச் சொல்லிக்கட்டுமாண்ணா?"

 பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்த தணிகாசலம், பின்னாலிருந்து கண்டக்டர் "ஏறு பெரியவரே" என்று சத்தம் போடப் போட, கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"சொல்லு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லணும். நீயே கண்டுபுடிச்சா மாதிரி பேசினே, மேல வந்து கூட்டத்தைக் கலைச்சிடுவேன்."